ஆட்சேபணைக் காலம்

10 ஜூன் 2019, திங்கள்

காலையிலிருந்து சாரல் விடவில்லை. அலுவலகத்தில் பழைய பதிவேடுகள் வைத்திருக்கும் அறை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. வாளி வைத்தேன். சார்பதிவாளர் பிச்சையா சாரிடம் சொன்னால், "பொதுப்பணித் துறைக்கு எழுதுங்கம்மா" என்பார். எழுதி மூன்று வருடம் ஆகிறது.

பத்திரம் பதிய வந்த கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு ஜோடி வந்தது. பெண் ஆவுடைச்செல்வி, இருபத்து நான்கு வயது, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பையன் கிதியோன், இருபத்தேழு, காற்றாலையில் மெக்கானிக். அவள் இந்து, அவன் கிறிஸ்தவன். மதம் மாறாமல் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமாம். அப்படியானால் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அது முப்பது நாள் அலுவலகப் பலகையில் தொங்கும், ஆட்சேபணை இருந்தால் யாரும் சொல்லலாம், இல்லையென்றால் மூன்று சாட்சிகளோடு வந்து கையெழுத்துப் போடலாம். எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவர்களுக்கும் சொன்னேன்.

அந்தப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எக்கா, இது எங்க வீட்டுக்கு லெட்டராப் போவுமா?"

"போவாதும்மா. இங்க பலகையில இருக்கும், அவ்வளவுதான்."

"பலகைய யாரு பாப்பாவ?"

"யாரும் பாக்க மாட்டாவ."

உண்மைதான். முப்பத்து மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். பலகையைப் படிக்கிறவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

"கொஞ்சம் ஓரமா ஒட்டுங்கக்கா" என்றாள். ஓரமாகவே ஒட்டினேன், நில ஏல அறிவிப்புக்குக் கீழே.

என் மகள் அகிலா வீட்டைவிட்டுப் போனபோது அவளுக்கும் இருபத்து நான்கு.

11 ஜூன்

வீட்டில் அவருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

12 ஜூன், புதன்

சாயங்காலம் அடுப்படியில் அலமாரியைத் துடைத்தேன். செல்வியின் அப்பா பாத்திரக் கடை வைத்திருக்கிறார் என்று நோட்டீஸில் போட்டிருந்ததே, அந்தக் கடை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு இட்லிச் சட்டி அங்கே வாங்கியதுதான். மத்தியானங்களில் செல்வியின் அம்மாதான் கல்லாவில் இருப்பாள். தடித்த கண்ணாடி, அமைதியான பெண். கடைப் பை ஒன்று இன்னும் அலமாரியில் இருக்கிறது. கடையின் போன் நம்பர் அதில் அச்சடித்திருக்கிறது.

அவர் டி.வி.யில் செய்தி பார்த்தார். தோசை வைத்தேன். "சட்னி" என்றார். வைத்தேன். எங்கள் கல்யாணம் 1988 தை மாதம். பெண் பார்க்க வந்தபோது நான் தலையைத் தூக்கவில்லை, தூக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அவர் முகத்தை நான் நன்றாகப் பார்த்தது, ஸ்டுடியோவிலிருந்து கல்யாண போட்டோ வந்த பிறகுதான். இன்று அவர் பேசியது அந்த ஒரு சொல். குறையாக எழுதவில்லை. பேசாத நாளும் உண்டு.

13 ஜூன், வியாழன்

இன்று வந்தவர்களை மறக்க முடியாது. ஓய்வு பெற்ற ஆசிரியர் அறிவுக்கரசு, எழுபத்து மூன்று வயது. மனைவி தையல்நாயகி. நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், ஒரு பொதுக்கூட்ட மேடையில் மாலை மாற்றிக்கொண்டவர்கள். இப்போது ஓய்வூதியத்தில் மனைவி பெயர் சேர்க்கச் சான்றிதழ் கேட்கிறார்களாம். ஆதாரம் என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். மைக்குக்கு முன்னால் இரண்டு ஒல்லிப் பிள்ளைகள் மாலையோடு நிற்கிறார்கள்.

நான் அந்த அம்மாளின் தாலியில்லாத கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

"பாத்துக்கோங்க. நாப்பத்தெட்டு வருஷமா எல்லாரும் பாக்கத்தான் செய்யாவ. எங்க அய்யா சாவுற வரைக்கும் என்னைக் கல்யாணம் ஆகாதவன்னுதான் சொன்னாவ" என்றாள்.

அவர் பக்கத்தில் நின்று, "எதுக்கு இப்ப அதெல்லாம்?" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றாள் அவள். வெளியே போகிறவரை சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். படியில் இறங்கும்போது அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

14 ஜூன்

துவரம் பருப்பு, கடுகு, அவர் மாத்திரை. மத்தியானம் ஜெராக்ஸ் கடையில் ஒரு போன் பேச வேண்டியிருந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

15 ஜூன், சனி

தலைவலி. பலகையில் ஒட்டுவது யாரும் பார்ப்பதற்காகத்தான். ரகசியம் என்றால் சட்டமே ஒட்டச் சொல்லாது. பார்த்தவர்கள் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

17 ஜூன், திங்கள்

பத்தரை மணிக்கு ஐந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் செல்வியின் தாய்மாமன். நேரே பலகைக்குப் போனார். ஏல அறிவிப்பைத் தூக்கிவிட்டு அடியில் இருந்ததைப் படித்தார். போனில் படம் எடுத்தார். பிறகு பிச்சையா சார் மேஜைக்கு வந்தார்.

"நாங்க ஆட்சேபண எழுதித் தரணும்."

சார் நிதானமாகச் சொன்னார். "எழுதுங்க. ஆனா சட்டத்துல காரணம் நாலுதான். ஏற்கெனவே புருஷனோ பொண்டாட்டியோ இருக்கணும். இல்ல, புத்தி சுவாதீனம் இல்லாம இருக்கணும். இல்ல, வயசு பத்தாம இருக்கணும். இல்ல, கட்டக்கூடாத சொந்தமா இருக்கணும்."

"எங்க கொலத்துல இல்லாததுன்னு அஞ்சாவது காரணம் போட்டுக்கோங்க."

"அப்படி ஒண்ணு இல்ல."

"சட்டத்துல இல்லாட்டா போவுது. எங்களுக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுதாமலேயே போய்விட்டார்கள்.

சார் என்னிடம், "இது எப்படிம்மா வெளிய போச்சு? ஒரு வாரம்தான ஆகுது" என்றார். "ஒரு நாளைக்கு நூறு பேரு வாராவ போறாவ சார்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

18 ஜூன், செவ்வாய்

கிதியோன் வந்தான். வேலை உடுப்பிலேயே, கையில் கிரீஸ் கறையோடு. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து செல்வியின் போன் அணைந்திருக்கிறதாம். பரிசோதனை நிலையத்தில் கேட்டால், அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார் என்கிறார்களாம்.

"எக்கா, இங்க யாரும் வந்து கேட்டாவளா?"

"நேத்து அவ மாமா வந்தாவ."

அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "எங்க வீட்ல அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அவ யார்கிட்டயுமே சொல்லல. பின்ன எப்படி?" என்று இரண்டு தடவை கேட்டான். அவன் என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டான். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான்.

21 ஜூன், வெள்ளி

கிதியோன் வந்தான். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறான். இரண்டு வீட்டையும் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர், "நீ மேஜர்மா, யார்கூடப் போகணும்னு நீயே சொல்லு" என்றாராம். அவள், "அம்மா அப்பாகூடப் போறேன்" என்றாளாம்.

"என் மொகத்தப் பாக்கவே இல்லக்கா. பயந்த மாதிரி இருந்தா சரின்னு நெனச்சிருப்பேன். பயம் இல்ல. கோவம். என்மேல கோவம்."

"வீட்ல அடிச்சிருப்பாவ தம்பி. மிரட்டியிருப்பாவ."

"தெரியல. நான் என்ன செஞ்சேன்னு தெரியல."

"இத ஏன் என்கிட்ட வந்து சொல்லுத?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கடுமையாகக் கேட்டுவிட்டது தெரிந்தது.

"எங்களுக்குக் கல்யாணம் நடக்கப்போவுதுன்னு தெரிஞ்ச எடம் இது ஒண்ணுதாங்க்கா" என்றான்.

24 ஜூன், திங்கள்

எழுதிவிட்டால் மனசு தெளியும்.

ஒரு தாய், பெற்ற பெண்ணின் கல்யாணத்தைத் தெருவில் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. அது என்ன வலி என்று எனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, பால்காரர்தான் வாசலில் நின்று, "பாப்பாவ பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், பெட்டியோட" என்றார். அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் கோயம்புத்தூரில் ஒரு முஸ்லிம் பையனைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்பா ஆற்றுக்குப் போய் அவள் பேரைச் சொல்லித் தலை முழுகிவிட்டு வந்தார். அதன் பிறகு இந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொன்னதில்லை.

முன்னாலேயே தெரிந்திருந்தால் ஒரு தாய் பேசிப் பார்ப்பாள். உட்கார்த்தி வைத்து, தலை சீவிவிட்டு, மெதுவாகப் பேசியிருப்பாள். ஒருவேளை சம்மதித்துக்கூட இருப்பாள். அந்த வாய்ப்பு எல்லாத் தாய்க்கும் கிடைக்க வேண்டும்.

அவ்வளவுதான் என் எண்ணம்.

28 ஜூன், வெள்ளி

ஜமாத்திலிருந்து நிக்காஹ் புத்தகத்தோடு ஒரு குடும்பம் பதிவுக்கு வந்தது. மணப்பெண் கலகலவென்று பேசினாள். மஹர் தொகை, பெண்ணிடம் சம்மதம் கேட்கும் வக்கீல், சாட்சி என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்து நிரப்பினேன். "வக்கீலும் சாட்சியும் வந்து எனக்குச் சம்மதமான்னு கேட்டாங்க மேடம். எனக்குச் சத்தமே வரல. எங்க சாச்சி, அதாவது சித்தி, பின்னால இருந்து கிள்ளினா, அப்புறம்தான் வந்துச்சு" என்று சிரித்தாள். அவள் புருஷனும் சிரித்தான்.

அந்தப் புத்தகத்தில் அவள் சம்மதத்துக்கென்று ஒரு கட்டம், அதில் அவள் கையெழுத்து. கிள்ளி வாங்கிய சம்மதமாகவே இருக்கட்டும், கேட்டிருக்கிறார்கள்.

என் கல்யாணத்தில் என்னை யார் என்ன கேட்டார்கள் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். பூக்காரி கேட்டாள், மல்லியா பிச்சியா என்று.

2 ஜூலை

பாத்திரக் கடை வழியாக வந்தேன். வேண்டுமென்று போகவில்லை, பஸ்ஸை அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். கல்லாவில் அந்த அம்மாள் இல்லை. அவள் புருஷன் இருந்தார். குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

பேசிப் பார்த்திருப்பார்கள். நல்லபடியாகப் பேசியிருப்பார்கள்.

11 ஜூலை, வியாழன்

முப்பது நாள் நேற்றோடு முடிந்தது. ஆட்சேபணை ஒன்றும் எழுத்தில் வரவில்லை. சட்டப்படி இன்று கல்யாணம் நடக்கலாம்.

காலை பத்து மணிக்கே கிதியோன் வந்துவிட்டான். வெள்ளைச் சட்டை, புது வேட்டி. மூன்று சாட்சிகளையும் கூட்டி வந்திருந்தான். ஒருவன் அண்ணன், இரண்டு பேர் கூட வேலை பார்க்கிறவர்கள். எதிர்க் கடையில் இரண்டு மாலை வாங்கி, வாடாமல் இருக்க வாழை இலையில் சுற்றி, பெஞ்சுக்கு அடியில் வைத்தார்கள்.

"வருவாளா தம்பி?" என்றேன்.

"தேதி அவளுக்குத் தெரியும்லாக்கா."

பதினொன்று, பன்னிரண்டு. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் நாலு பேரும் நிமிர்ந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் பத்திரக்காரர்கள். ஒரு மணிக்குச் சாட்சிகள் சாப்பிடப் போனார்கள், கிதியோன் போகவில்லை. என் டப்பாவில் எலுமிச்சை சாதம் இருந்தது. பாதியை நீட்டினேன். "வேண்டாங்க்கா, ஒங்களுக்குப் பத்தாது" என்றான். டப்பாவை மூடிவைத்தேன்.

மூன்றரைக்கு அண்ணன்காரன், "போதும்ல, வா" என்றான். "அஞ்சு மணி வரைக்கும் ஆபீஸ் இருக்கு" என்றான் இவன்.

ஐந்துக்குப் பிச்சையா சார் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "நோட்டீஸ் மூணு மாசம் செல்லும்ப்பா. செப்டம்பர் வரைக்கும் டைம் இருக்கு. எப்ப வந்தாலும் செஞ்சு வைப்போம்." அவன் தலையாட்டினான். போகும்போது மாலையை எடுக்கவில்லை. பூட்டுவதற்கு முன்னால் நான்தான் எடுத்து, பின்பக்கம் மாடு நிற்கிற இடத்தில் போட்டேன்.

12 ஜூலை

அவர், "ஏன் சோறு திங்கல?" என்று கேட்டார். வயிறு சரியில்லை என்றேன்.

22 ஜூலை, திங்கள்

ஆடி. கல்யாணப் பதிவே இல்லை. பழைய பதிவேடுகளை வெயிலில் காயவைத்தோம். கிதியோன் வந்தான், ஜன்னல் பக்கம் நின்றான். நான் தலையாட்டினேன், இல்லை என்று. போய்விட்டான்.

29 ஜூலை

வந்தான்.

5 ஆகஸ்ட்

வந்தான். இளைத்திருக்கிறான். இனி திங்கட்கிழமைகளில் உள்ளறை வேலையை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

12 ஆகஸ்ட்

பக்ரீத் விடுமுறை. வீட்டில் இருந்தேன். கோயம்புத்தூரில் அகிலா இன்று என்ன சமைத்திருப்பாள் என்று ஒரு எண்ணம் வந்தது. பக்கத்து வீட்டில் வந்து யாரோ சொன்னார்கள், அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்று. மூன்று வயதாம். காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாளாம். குழந்தை அல்ல, அகிலா.

1 செப்டம்பர், ஞாயிறு

ஆவணி முகூர்த்தம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மண்டபத்து வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். ஆவுடைச்செல்வியின் படம். மாப்பிள்ளை மஸ்கட்டில் வேலையாம். நான் காய்கறி வாங்கத்தான் போனேன். நாதஸ்வரம் கேட்டது. கத்தரிக்காய் கால் கிலோ, முருங்கைக்காய் இரண்டு.

2 செப்டம்பர்

விநாயகர் சதுர்த்தி, விடுமுறை.

9 செப்டம்பர், திங்கள்

கிதியோன் வரவில்லை. மூன்று மாதக் கெடு முடிகிறது. நோட்டீஸைப் பலகையிலிருந்து எடுத்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது, பாதிதான் வந்தது. மீதியை ஈரத் துணியால் துடைத்தேன்.

16 செப்டம்பர், திங்கள்

எல்லாவற்றையும் எழுத வேண்டும். முதலில் நடந்தபடி.

பதினொரு மணிக்கு ஆவுடைச்செல்வி வந்தாள். மாப்பிள்ளை குடை பிடித்துக்கொண்டு வந்தார். கூட அவள் அம்மா. மாப்பிள்ளை அடுத்த மாதம் மஸ்கட் திரும்புகிறார், விசாவுக்குத் திருமணச் சான்று வேண்டும். நல்ல பையனாகத் தெரிந்தார். அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

நோட்டீஸ் கொடுக்க வந்த அன்றைக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசியவள், இன்று என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கழுத்தில் புது மஞ்சள் கயிறு, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நானும் காட்டிக்கொள்ளவில்லை. அழைப்பிதழ், ஆதார், போட்டோ எல்லாம் வாங்கினேன். சாட்சிக் கையெழுத்துக்காக நிமிர்ந்து, "பொண்ணோட அம்மா நீங்கதானா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து வந்து மேஜை மேலிருந்த என் கையைப் பிடித்தாள்.

"அன்னைக்கு மத்தியானம் கடைக்குப் போன் பண்ணி இப்படித்தான் கேட்டீங்க. பொண்ணோட அம்மா நீங்கதானான்னு. இந்தக் குரல நான் மறப்பேனா? நீங்களாம்மா அது?"

நான் பேசவில்லை. பேசியிருந்தால் இன்னும் உறுதியாகியிருக்கும்.

"நீங்க நல்லா இருக்கணும். பெத்த தாய் மாதிரி எங்கள எச்சரிச்சீங்க. ஒங்க புள்ளைங்க நல்லா இருக்கும்." பையிலிருந்து கல்யாணப் பலகாரம் ஒரு பொட்டலம் எடுத்து என் பதிவேட்டின் மேல் வைத்தாள். மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை, சிரித்துக்கொண்டு நின்றார். ஆதார் நகல் ஒன்று குறைந்தது. "வாங்க அத்தே, எடுத்துட்டு வந்திருவோம்" என்று ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிப் போனார்.

செல்வியும் நானும்தான் இருந்தோம். பேனா அவள் கையில் இருந்தது.

"நீங்களாக்கா?"

"ஆமா."

வேறு பதில் வைத்திருந்தேன். மூன்று மாதமாக வைத்திருந்தேன். வரவில்லை.

"எங்கம்மா என்ன சொன்னா தெரியுமா? கிதியோனோட அண்ணன் கடைக்கு வந்து சொன்னாருன்னா. அவரே பயந்துபோயி அண்ணன விட்டுச் சொல்லவச்சிட்டாருன்னா. வீட்ல அவரு அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். நான் நம்பிட்டேன்." குரலே உயரவில்லை. நகல் எடுக்கப் போனவர்கள் வந்துவிடுவார்களோ என்று வாசலைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். "அடிச்சாவ. அதுக்கெல்லாம் நான் அசைஞ்சிருக்க மாட்டேன். ஸ்டேஷன்ல அவரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. நான் திரும்பல."

"செல்வி..."

"நான் ஏன் திரும்பலன்னு அவருக்குத் தெரியாதுல்லா."

வாசலில் செருப்புச் சத்தம். அவள் முகத்தைத் துடைக்கவில்லை, துடைக்க ஒன்றும் இல்லை. "எங்க கையெழுத்துப் போடணும்க்கா?" என்றாள். காட்டினேன். மூன்று இடத்தில் போட்டாள். புருஷன் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருக்கிறது என்று காட்டித் திருத்தச் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். திருத்தினேன்.

பலகாரப் பொட்டலத்தைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டேன்.

17 செப்டம்பர்

விடுப்பு. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

18 செப்டம்பர், புதன்

நான் செய்ததை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுப் பிச்சையா சாரிடம் கொடுத்தேன். நோட்டீஸிலிருந்து விவரம் எடுத்ததும், போன் செய்ததும். அவர் இரண்டு தடவை படித்தார்.

"ஓய்வுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கும்மா ஒங்களுக்கு. இத நான் மேல அனுப்பினா என்ன ஆவும்னு தெரியும்லா?"

"தெரியும் சார்."

"இனிமே அனுப்பி யாருக்கு என்ன லாபம்?"

அவர் தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. அவருடைய கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் அது இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அவரிடம் இதைச் சொன்னேன். "ஒனக்கு எதுக்கு ஊரு வம்பு?" என்றார். டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.

22 செப்டம்பர், ஞாயிறு

கிதியோன் வீட்டு முகவரி நோட்டீஸ் புத்தகத்தில் இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போனேன். ஊரைச் சுற்றிக் காற்றாலைகள். நிழல் சாலையின் மேல் வந்து வந்து போகிறது. சாமியார் தோட்டம் என்ற இடத்தில் இறங்கி, சர்ச்சைத் தாண்டி, கேட்டுக் கேட்டுப் போனேன். ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவன் முற்றத்தில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். ஒரு நொடி அவன் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். செல்வி வந்துவிட்டாளோ என்று நினைத்திருக்கிறான். கல்யாணம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, அவனுக்கும் தெரியும், ஆனாலும் நினைத்தான்.

உள்ளேயிருந்து அவன் அம்மா, "யாருல வந்திருக்கா?" என்றாள்.

"ஆபீஸ்லருந்தும்மா. கையெழுத்து ஒண்ணு விட்டுப்போச்சாம்."

வேலிப் பக்கம் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனான். நின்றுகொண்டேதான் சொன்னேன். போன் பண்ணியது. செல்வியின் அம்மா சொன்ன பொய். செல்வி நம்பியது. ஸ்டேஷனில் ஏன் திரும்பவில்லை என்பது. அவன் கையில் இருந்த ஸ்குரூவை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"எங்க அண்ணன்கூட நான் மூணு மாசமாப் பேசலக்கா. அவன்தான் ஒளறியிருப்பான்னு நெனச்சேன்."

எனக்கு இது தெரியாது. இன்னும் எத்தனை பேரோ.

"இப்ப அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் தம்பி."

ஸ்குரூவை உருட்டுவதை நிறுத்தினான். பிறகு, "ஏன்க்கா?" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒங்களுக்கு நாங்க என்ன செஞ்சோம்? அவ ஒங்கள அக்கான்னுதான கூப்பிட்டா?"

பால்காரர் கதையைத்தான் சொல்ல நினைத்தேன். ஆறு வருடமாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன், இந்த நோட்டில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"எனக்கு ஒரு மக உண்டு தம்பி. அவ போறதுக்குப் பத்து நாளைக்கு முன்னால என்கிட்டதான் வந்து சொன்னா. அடுப்படியில வச்சு. நீ அப்பாகிட்ட சொல்லாத, எனக்கு நீ ஒருத்தி போதும்னா. நான் அன்னைக்குச் சாயங்காலமே அவர்கிட்ட சொல்லிட்டேன். அவர்கிட்ட ஒண்ண மறைச்சு எனக்குப் பழக்கம் இல்ல. அவரு அவள ரூமுக்குள்ள போட்டுப் பூட்டினாரு. சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. ஒம்பது நாள் நான்தான் சோறு கொண்டுபோனேன். ஒவ்வொரு தடவையும் தெறந்துவிடும்மான்னா. பத்தாம் நாளு குளிக்கப் போனப்ப கொல்லைச் சுவர் ஏறிக் குதிச்சா. கால் ஒடிஞ்சுது. ஒடிஞ்ச காலோடதான் பஸ் ஸ்டாண்டு போயிருக்கா."

இதை இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"அந்தப் பொண்ணு, பலகைய யாரு பாப்பாவன்னு என்கிட்ட கேட்டப்ப, அகிலா கேட்ட மாதிரியே இருந்துச்சு. நான் செஞ்சது எல்லாத் தாயும் செய்யறதுதான்னு ஆகணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல தம்பி. அவ்வளவுதான் காரணம்."

கிதியோன் என்னைப் பார்க்கவில்லை. சாலைக்கு அப்பால் சுற்றுகிற இறக்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒங்க மகளாவது போயிட்டா" என்றான்.

உள்ளேயிருந்து அவன் அம்மா காப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். வாங்கிக் குடித்தேன், வேண்டாம் என்று சொல்லும் தகுதிகூட இல்லாதது போல. "தூரத்துலேருந்து வந்திருக்கீங்க, இருந்து சாப்பிட்டுப் போங்க" என்றாள். "அவங்களுக்கு ரெண்டரைக்கு பஸ்மா" என்றான் அவன்.

பஸ் நிறுத்தம் வரை முன்னால் நடந்தான், திரும்பிப் பார்க்காமல். அங்கே நிழற்குடை இல்லை, ஒரு கல் மட்டும் கிடக்கிறது. அதைக் கையால் தட்டி, "உக்காருங்க" என்றான். பிறகு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டான். முக்கால் மணி நேரம் பஸ் வரவில்லை. வருகிற வரை அவனும் போகவில்லை.